குண்டம்மா ஏன் கனத்தாள்?

அத்தியாயம் 4

"நாலு மணி வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் போலீஸ்தான்" என்றார் மேனேஜர்.

சொல்லிவிட்டு விரலை நீட்டினார். விரல் போன திசையில், மைதானத்தின் ஓரத்தில், கவிழ்த்து வைத்த பசை டின்மேல் ஒருவர் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஒட்டு மாஸ்டர். அவர் தலைக்கு மேலே குண்டம்மா மிதந்துகொண்டிருந்தாள்.

குண்டம்மா என்பது அந்த விளம்பர வான்கப்பலுக்கு அதன் ஆட்கள் வைத்த பெயர். நாற்பது மீட்டர் நீளம். வயிறு நிறைய ஹீலியம். விலாவில் ஒரு மெத்தை கம்பெனியின் விளம்பரம்: கன்னத்தில் கை வைத்துத் தூங்கும் ஒரு பெண். மூக்கை மட்டும் ஒரு லாரியின் மேல் நிற்கும் கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். காற்று திரும்பினால் வாலும் திரும்பும். வயிற்றுக்குக் கீழே கேபின், கேபினுக்குக் கீழே ஒற்றைச் சக்கரம். அந்தச் சக்கரம் சுற்றிச் சுற்றித் தேய்த்ததில் புல் வட்டமாக வழுக்கை விழுந்து கிடந்தது.

"இதை இருபத்தி நாலு மணி நேரமும் யாராவது முழிச்சிருந்து பார்த்துக்கணுமாமே?" என்றான் கொழுந்தன். "விளம்பரம் மட்டும் தூக்கத்துக்கு. நல்ல பொழப்பு சார்."

மேனேஜர் சிரிக்கவில்லை. அவருடைய ஷூவில் ஒரு புல்கூட ஒட்டியிருக்கவில்லை. மைதானத்தில் வேலை பார்க்கிற ஆளின் ஷூ இப்படிப் பளபளத்தால் கொழுந்தனுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். வந்தால் லேசில் போகாது.

அவனை எல்லாரும் கொழுந்தன் என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தங்களுக்குப் புரியாத நஷ்டங்களைத் துப்பறிய அண்ணியைத்தான் அனுப்பும். கார் ஓட்டுவது, குறிப்பெழுதுவது, வாயாடுவது மூன்றும் கொழுந்தனின் பொறுப்பு. முதல் இரண்டில் அவன் சுமார்தான்.

"நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி.

மேனேஜர் சொன்னார். தினமும் பறக்கும் முன்னால் குண்டம்மாவை எடை பார்ப்பார்கள். நாலு பேர் கேபினைப் பிடித்துத் தரையை விட்டுக் கொஞ்சம் தூக்கி, கையை எடுப்பார்கள். பூப்போல இறங்கினால் எடை சரி. தொம்மென்று இறங்கினால் கனம் அதிகம், கேபினிலிருந்து ஒரு ஈய மூட்டையை இறக்கிவிட வேண்டும். மூட்டை ஒன்று பத்து கிலோ. ஆறு நாளாகத் தினமும் தொம்முதான். புல்லின் மேல் ஆறு மூட்டைகள் வரிசையாகக் கிடந்தன.

"கேஸ் கசியுது மேடம். தூக்கற சக்தி குறையுது. கசிஞ்சா எங்கயோ ஓட்டை இருக்கணும். ஓட்டையைத் தேடி ஒட்டறது இவர் வேலை. மூணு நாளா கப்பல் உடம்பு பூரா சோப்புத் தண்ணி தடவிப் பார்த்தேங்கறார். ஒரு குமிழி வரலையாம். போன வாரம்தான், இந்த மாசத்தோட உங்க வேலை முடியுதுன்னு லெட்டர் குடுத்தேன். குடுத்த மறுநாள் கசிவு ஆரம்பிக்குது. கணக்கு நேராத்தானே இருக்கு? ஊசியால குத்தினதும் இவர்தான், மறைக்கறதும் இவர்தான்."

"பார்த்தவங்க யாராவது?"

"பார்க்கவே வேணாம். கேஸ் குறையுதுன்னு முதல்ல ரிப்போர்ட் எழுதினதே கேப்டன்தான். கேப்டன் யாரு? இவரோட சொந்த மாப்பிள்ளை. மாப்பிள்ளையே எழுதினப்புறம் என்ன?"

அண்ணி வாட்சைப் பார்த்தாள். இரண்டரை.

"தம்பி, நீ போய் மாஸ்டர்கிட்ட பேச்சுக் குடு. நான் ஒரு சுத்து சுத்திட்டு வரேன்."

*

ஒட்டு மாஸ்டர் கொழுந்தனை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க போலீசா?"

"என் மூஞ்சியைப் பார்த்தா அப்படியா இருக்கு? எங்க வீட்லகூட என்னை யாரும் நம்பறதில்லைங்க. காலுக்கு என்ன ஆச்சு?"

"மூணு மாசமாச்சு. கப்பல் இறங்கறப்போ மூக்குக் கயித்தைப் பிடிச்சோம். திடீர்னு ஒரு காத்து. மத்தவங்க விட்டுட்டாங்க, நான் விடலை." லாரியின் கதவைக் காட்டினார். அதில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது: கால் எழும்பினால் கையை விடு. "அதை எழுதினதே நான்தான். கடைசியில நானே ரெண்டாள் உயரம் போய் விழுந்தேன். பசங்க இன்னும் சிரிக்கறாங்க."

"ஓட்டினது உங்க மாப்பிள்ளையா?"

அவர் மேலே பார்த்தார். கேபினுக்கு மேலே துணியில் உள்ளங்கை அளவில் ஐந்தாறு ஒட்டுக்கள் தெரிந்தன. எல்லாமே வட்டம்.

"தட்டை வச்சு வரைஞ்சீங்களா? இவ்வளவு உருண்டையா இருக்கு!"

மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொழிலைப் பற்றிக் கேட்டால் மலராத ஆள் ஏது? "கைக்கணக்குதான் தம்பி. ஒட்டுக்கு மூலையே இருக்கக் கூடாது. மூலை இருந்தா காத்து அங்கதான் நகத்தை வச்சு உரிக்கும். முப்பத்தி ரெண்டு வருஷத்துல நான் மூலை வச்சு ஒரு ஒட்டுப் போட்டதில்லை."

"அப்போ இந்தக் கசிவு?"

மலர்ந்த முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "மேனேஜர் சொல்றபடி எழுதிக்கோங்க. எனக்கு எப்படியும் வேலை போகப்போகுது. சீக்கிரம் முடிஞ்சா நல்லது."

கொழுந்தனுக்கு இது பிடிக்கவே இல்லை. குற்றம் செய்தவன் கெஞ்சுவான். செய்யாதவன் கத்துவான். இந்த மனிதர் இரண்டும் இல்லாமல் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

*

கேப்டன் கேபினுக்குள் இருந்தார். முப்பத்தைந்து வயது, இஸ்திரி போட்ட சட்டை, வலது கை பேன்ட் பாக்கெட்டில். கொழுந்தன் ஏறி வந்தபோது அண்ணி ஏற்கெனவே அவர் எதிரே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேஸ் குறைஞ்சா பிரஷர் மீட்டர்ல தெரியாதா?"

"தெரியாது மேடம். உள்ள முன்னால ஒண்ணும் பின்னால ஒண்ணுமா ரெண்டு காத்துப் பை இருக்கு. கேஸ் குறையக் குறைய அதுல காத்தை ஊதிடுவோம். உடம்பு விறைப்பாவே இருக்கும், மீட்டர் அசையாது."

"அந்தப் பைகளைப் பார்க்கலாமா?"

கேப்டன் ஒரு நொடி தயங்கினார். பிறகு இடது கையால் கூரையில் இருந்த கண்ணாடி ஜன்னல்களைக் காட்டினார். அண்ணி ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்து முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். இறங்கியவள் நோட்டை வாங்கித் தானே ஒரு வரி எழுதினாள். கொழுந்தன் எட்டிப் பார்த்தான். 'முன் பை நிறைவு. பின் பை காலி.'

"பைக்குக் காத்து விடறது யாரு?"

"நான்தான். ஓட்டறவர்தான் விடணும்."

"நேத்து ஓட்டறப்போ வேற ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"இல்லை. கேஸ்தான் குறைச்சல்." கேப்டனின் குரல் வேகமானது. "மேடம், இது பறக்க லாயக்கில்லைன்னு எழுதிக் குடுங்க. ஷெட்டுக்குக் கொண்டு போயிடட்டும். ரெண்டு மாசம் பிரிச்சுப் பார்க்கட்டும். போலீஸெல்லாம் எதுக்கு? மாமா பாவம்."

"மாமா பாவம்னா அதை மேனேஜர்கிட்ட சொல்லலாமே?"

அவர் ஸ்டூலை இடது கையால் ஓரமாக நகர்த்தினார். அந்த வலது கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லை.

கீழே இறங்கியதும் கொழுந்தன் கிசுகிசுத்தான். "அண்ணி, எல்லாம் அந்த மேனேஜர் வேலை. ஷூவைப் பார்த்தீங்களா?"

"ஷூவைக் கைது பண்ண முடியாது தம்பி. இங்க ரெண்டு பேர் எதையோ முழுங்கிட்டு நிக்கறாங்க. ஒரே விஷயத்தையான்னுதான் தெரியலை. வா, வால் பக்கம் போவோம்."

*

வால் பக்கம் என்றதும் ஒட்டு மாஸ்டர் எழுந்து நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார். "அங்க ஒண்ணும் இல்லைங்க. கேஸ் பூரா இந்தப் பக்கம்தான். வெயில் வேற."

"வெயில்தான் எங்களுக்கும் பிரச்சினை" என்றான் கொழுந்தன். வாலின் அடி இறக்கை ஒரு கதவை விடப் பெரிதாகத் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் போய் நின்று, சோம்பல் முறித்து, சும்மா இருக்க முடியாமல் இறக்கையின் துணியை இரண்டு தட்டுத் தட்டினான்.

தப். தப்.

அந்த நேரம் காற்று வாலை லேசாகத் திருப்பியது. உள்ளே ஏதோ களக்கென்றது.

"அண்ணி, குண்டம்மாவுக்கு வயித்துக் கோளாறு. கடாமுடான்னு சத்தம் வருது."

அண்ணி ஓடிவந்து காதை வைத்தாள். அவளுடைய முகத்தில் அந்த அசட்டுச் சிரிப்பு வந்தது. துப்புக் கிடைத்தால் மட்டும் வரும் சிரிப்பு.

"ஆறு நாளா இங்க சாயங்காலமானா மழை இல்லையா மாஸ்டர்?"

அவர் இறக்கையை விட்டு ஓரடி பின்னால் போனார்.

"இந்த இறக்கைக்குள்ள மழைத்தண்ணி போகாதா?"

"போகும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "மேல மடிப்பு வழியா இறங்கும்."

"இறங்கினா வெளிய வர அடியில துளை வச்சிருப்பீங்களே?"

கொழுந்தன் குனிந்து அண்ணாந்து பார்த்தான். இறக்கையின் அடிவிளிம்பில் துளை இருக்க வேண்டிய இடங்களில் மூன்று ஒட்டுக்கள். பளிச்சென்ற புதுத்துணி. மூன்றும் சதுரம். நாலு மூலையும் கூர்மையாக.

*

மூன்றே முக்கால். மேனேஜர் கையில் போனோடு வந்தார். பின்னால் கேப்டன்.

"ஓட்டை கிடைச்சுதா?"

"ஓட்டையே இல்லை. அதுதான் பிரச்சினை" என்றாள் அண்ணி. "கேஸ் ஒரு மூச்சுகூடக் குறையலை. குறைஞ்சிருந்தா ரெண்டு காத்துப் பையும் உப்பியிருக்கணும். பின் பை காலியா கிடக்கு. உங்க கப்பல் தூக்கற சக்தியை இழக்கலை சார், கனத்துப் போச்சு. வடிகால் துளையை யாரோ ஒட்டிட்டாங்க. தினம் பத்து லிட்டர் மழைத்தண்ணி சேர்ந்திருக்கு. நீங்க தினம் ஒரு மூட்டையை இறக்கிட்டு, கேஸ் போச்சேன்னு தேடியிருக்கீங்க."

மேனேஜர் விடவில்லை. "ஒட்டினா? அப்போ ஒட்டறவர்தானே ஒட்டியிருக்கணும்!"

"ஆமா, நான்தான் ஒட்டினேன்" என்றார் ஒட்டு மாஸ்டர்.

இவ்வளவு நேரம் பிடிகொடுக்காத மனிதர் இதை மட்டும் இவ்வளவு வேகமாகச் சொன்னார். கொழுந்தன் கேப்டனைப் பார்த்தான். அவர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி மாஸ்டரின் தோள்பையிலிருந்து ஒட்டுத்துணியையும் கத்தரியையும் எடுத்து அவரிடமே நீட்டினாள். "அதே மாதிரி ஒண்ணு வெட்டுங்க. சதுரமா."

மாஸ்டர் வாங்கினார். வெட்டினார். முதல் பக்கம் நேராகப் போனது. மூலை வந்தது. கத்தரி நின்றது, பிறகு தானாகவே வளைந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பக்கம் வெட்டினார். அடுத்த மூலையிலும் கை வளைந்துவிட்டது. நெற்றியில் வேர்வை வழிந்தது. கடைசியில் அவர் கையில் இருந்தது கிட்டத்தட்ட ஒரு வட்டம். பொய் சொல்ல மனது தயாராகத்தான் இருந்தது, முப்பத்தி ரெண்டு வருஷத்துக் கை கேட்கவில்லை.

"கண்ணு சரியில்லைங்க" என்றார் அடிக்குரலில்.

இந்த ஆளை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது என்று கொழுந்தனுக்கு அப்போது ஆத்திரமே வந்தது. ஆனால் அவராகவே போக நின்றால் யார் தடுப்பது?

"நாடகமெல்லாம் போதும்" என்றார் மேனேஜர். "உள்ள தண்ணி இருக்கா இல்லையா, அதை முதல்ல பார்ப்போம்." நிமிர்ந்து, கையை உயர்த்தி, ஓர் ஒட்டின் மூலையைப் பிடித்து இழுத்தார். மூலை இருந்ததால் சுலபமாக வந்தது.

"வேணாம்!" என்று மாஸ்டர் கத்தியதற்குள் அடுத்ததையும் சேர்த்துக் கிழித்துவிட்டார்.

மடை திறந்தாற்போல் தண்ணீர் கொட்டியது. ஆறு நாள் மழையும் அந்தப் பளபள ஷூவில்தான் விழுந்தது. கொழுந்தன் சந்தோஷப்பட வாயெடுத்தான். அதற்குள் புரிந்துவிட்டது.

ஆறு மூட்டைகளும் புல்லில் கிடந்தன. தண்ணீரின் கனத்தை ஈடுகட்ட இறக்கிய மூட்டைகள். இப்போது தண்ணீரும் போகிறது.

வால் மெல்ல மேலே எழுந்தது. சக்கரம் தரையை விட்டது. மைதானத்தின் குறுக்கே ஒரு காற்று வந்து அடிவயிற்றைத் தூக்கியது. கம்பத்தில் மாட்டிய மூக்கு கிறீச்சென்று முறுகியது.

"மூட்டை! மூட்டையை ஏத்துங்க!" என்று அலறியபடி ஒட்டு மாஸ்டர் பாய்ந்து வாலிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்தார். நொண்டிக் காலோடு எப்படிப் பாய்ந்தாரோ. உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். வால் நிற்கவில்லை. அவர் குதிகால் எழும்பியது. பிறகு கால்விரலும்.

கேப்டனின் வலது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"கையை விடுங்க மாமா!"

மாஸ்டர் விடவில்லை. தரைக்கும் அவர் காலுக்கும் இடையில் ஒரு முழம்.

"மாமா, விடுங்க! நான்தான் ஒட்டினேன். எல்லாருக்கும் கேக்கட்டும். நான்தான் ஒட்டினேன்! எனக்காகப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. கையை விடுங்க!"

ஒட்டு மாஸ்டர் திரும்பி மருமகனைப் பார்த்தார். கையை விட்டார்.

புல்லில் முட்டி போட்டு விழுந்தார். கொழுந்தன் கைக்கொரு மூட்டையோடு ஓடினான். கேப்டன் அவனை முந்திக்கொண்டு, ஆடும் கேபினில் ஒரு காலைப் போட்டு ஏறினார். கீழிருந்து ஒவ்வொன்றாக மேலே போயின. நாலாவது மூட்டையில் சக்கரம் தரையைத் தொட்டது. ஆறாவதில் குண்டம்மா பூப்போல உட்கார்ந்தாள்.

*

கேப்டன் கேபின் படியில் உட்கார்ந்துவிட்டார். நடுங்கும் கையை இப்போது மறைக்கவில்லை.

"மூணு மாசத்துக்கு முன்னால மாமா கயித்துல தொங்கினதை மேல ஜன்னல் வழியா பார்த்தேன் மேடம். அன்னிக்கு வந்த நடுக்கம் இது. ஓட்ட பயமா இருக்குன்னு கேப்டன் எப்படிச் சொல்றது? கப்பலை ஷெட்டுக்கு அனுப்பிட்டா ரெண்டு மாசத்துல சரியாயிடும்னு நினைச்சேன். பழியை மாமா மேல போடுவாங்கன்னு சத்தியமா நினைக்கலை. இன்னிக்குச் சொல்லிடணும், இன்னிக்குச் சொல்லிடணும்னு..."

"வால் கனக்குதுன்னு ஓட்டறவர் கைக்குத் தெரியாம இருக்காது" என்றாள் அண்ணி. "அதைச் சமன் பண்ண முன் பையில மட்டும் காத்தை ஊதியிருக்கீங்க. ஊதினதையும் எழுதலை, வால் கனத்ததையும் எழுதலை. அங்கயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு." பிறகு மாஸ்டரிடம் திரும்பினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சோப்புத் தண்ணி தடவறப்போ பார்த்தேன்." அவர் கயிறு அறுத்த உள்ளங்கையை ஊதிக்கொண்டார். "இவருக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லிக்குடுத்ததே நான்தான்மா. எல்லாம் கத்துக்கிட்டார், மூலையை உருட்ட மட்டும் வரலை. எனக்கு வேலை முடிஞ்சுபோச்சு. இவருக்கு லைசென்ஸ் போச்சுன்னா என் பொண்ணு என்ன பண்ணுவா?"

மேனேஜர் சொட்டச் சொட்ட நின்றார். போனைப் பார்த்தார். மணி நாலு.

"போடுங்க சார் போலீசுக்கு" என்றான் கொழுந்தன். "என்ன காணோம்னு கேப்பாங்க. அறுபது லிட்டர் மழைன்னு சொல்லுங்க."

"கேஸ் நஷ்டம் இல்லைன்னு நான் எழுதிடுவேன்" என்றாள் அண்ணி. "துளையை ஒட்டினது யாருன்னும் எழுதுவேன். அதை மறைக்க முடியாது."

கேப்டன் தலையாட்டினார். மேனேஜர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மைதானத்துக் கோடியில், குழு தங்கும் வேன் வாசலில் மாஸ்டரின் மகள் நின்று, கையை நெற்றியில் வைத்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சல் கேட்டு வந்திருக்க வேண்டும்.

ஒட்டு மாஸ்டர் காலை ஊன்றி எழுந்தார். "நீங்க இருங்க மாப்பிள்ளை. நான் போய்ப் பக்குவமா சொல்லிக்கறேன்."

கேப்டன் அவர் தோளைப் பிடித்து மறுபடியும் பசை டின்மேல் உட்கார வைத்தார்.

"வேணாம் மாமா. நானே சொல்றேன்."

நடுங்கும் கையை வெளியிலேயே வைத்துக்கொண்டு, அவர் வேனை நோக்கி நடந்தார்.